பெரியாயியின் தலைமுடி

பதுளை பொலிஸ் கோர்ட்டில், 1914ஆம் வருஷம் ஜனவரி மாதம், வெள்ளைப்பாறைத் தோட்டத்துப் பெரியாயி என்பவளை நஞ்சிட்டுக் கொன்றதாக அவள் புருஷன் மாடசாமி என்பவர்மேல் நடக்கும் விசாரணையில், முன்பு இரண்டாம் எதிரியாக, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவளாக, நிறுத்தப்பட்டுப் பின் விடுவிக்கப்பட்ட அங்கம்மா என்பவள் சாட்சியாக வந்து, மஜிஸ்திரேட் துரை முன்னிலையில் தமிழில் சொல்ல, மொழிபெயர்க்கும் முதலியார் எழுதிக்கொண்டது:

என் பெயர் அங்கம்மா. தகப்பன் பெயர் காத்தான், காலஞ்சென்றவர். எனக்கு வயது இருபது இருக்கும், திட்டமாகத் தெரியாது. பிறந்தது திருச்சிராப்பள்ளி ஜில்லாவில். ஊர் எனக்கு ஞாபகமில்லை, கைப்பிள்ளையாகத் தூக்கி வந்தார்கள். இப்போது இருப்பது பூனாகலைக்கு மேலே வெள்ளைப்பாறைத் தோட்டத்து மேல் லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில். தொழில் கொழுந்து எடுப்பது. எழுதப் படிக்கத் தெரியாது. உண்மையைச் சொல்வதாக உறுதி கொடுத்திருக்கிறேன்.

இறந்துபோன பெரியாயி என் உடன்பிறந்த அக்காள். எதிரி மாடசாமி அவளுடைய புருஷன். அவள் இறந்த பிறகு எதிரி எனக்குத் தாலி கட்டினார். கலியாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. அரசாங்கக் கச்சேரியில் எழுதிப் பதியவில்லை. பதியாத கலியாணம் சட்டத்தில் கலியாணம் ஆகாது என்றும், ஆனபடியால் நான் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தடையில்லை என்றும் முதலியார் எனக்கு விளங்கப்படுத்தினார். நான் ஆறு மாதம் கர்ப்பமாக இருக்கிறேன். உட்கார்ந்து சொல்ல உத்தரவு கிடைத்தது.

என் தாய் தகப்பன் இருவரும் நான் சிறுபிள்ளையாக இருக்கும்போதே காய்ச்சலில் தவறிவிட்டார்கள். அக்காள்தான் என்னை வளர்த்தாள். எங்களுக்கு ஒரே அண்ணன், பெயர் வீரசிங்கம், நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறார். அக்காளை எதிரிக்குக் கட்டிக்கொடுத்த பிறகு நான் அண்ணனோடு இருந்தேன். அக்காளுக்கு ஒரே பெண்பிள்ளை, பூவாயி, இப்போது நாலு வயது.

எதிரி மலையில் வேலை செய்கிறவர் அல்ல. அந்தத் தோட்டத்துத் துரைக்கு வேட்டையில் பிரியம். சிறுத்தை, மரை, பறவைகள் என்று சுட்டுக்கொண்டு வருவார். அவற்றின் தோலை உரித்துப் பதம் பண்ணுவதும், பறவைகளுக்குப் பஞ்சடைத்து உயிரோடிருப்பது போல நிறுத்துவதும் எதிரியின் வேலை. பங்களாவுக்குப் பின்னால் அதற்கென்று ஒரு கொட்டகை இருக்கிறது. தோல் அழுகாமலும் பூச்சி அரிக்காமலும் இருக்க, அதன் உள்பக்கம் ஒரு வெள்ளை மருந்தைச் சவுக்காரத்தோடும் கற்பூரத்தோடும் குழைத்துப் பூசுவார்கள். அது பாஷாணம் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். எதிரி குடிப்பதில்லை. அக்காளை அடித்ததாக நான் கேள்விப்பட்டதும் இல்லை.

போன ஆடிக்கு முந்திய ஆடியில், நானும் அண்ணனும் இருந்த தோட்டத்து அம்மன் பூசைக்கு அக்காளும் எதிரியும் வந்தார்கள். அக்காள் அப்போது நல்ல திடமாக இருந்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே மேடு ஏறி வந்தாள். நான் எல்லோருக்கும் சோறு போட்டேன். எதிரி அண்ணனைப் பார்த்து, தங்கச்சி கைச்சோறும் அக்காள் கைச்சோறு மாதிரியே இருக்கிறது என்று சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், அக்காளும் சிரித்தாள். அப்போதோ அதன் பிறகோ எதிரி என்னோடு தனியாகப் பேசியதில்லை. எனக்கும் அவருக்கும் அக்காள் உயிரோடிருக்கும்போது தொடுப்பு இருந்ததா என்று இன்ஸ்பெக்டர் பலமுறை கேட்டார். இல்லை என்றேன். இன்றும் இல்லை என்றே சொல்கிறேன்.

அந்த வருஷம் தீபாவளி கழிந்ததும் அக்காளுக்குச் சுகமில்லை என்று ஆள் வந்தது. அதன் பிறகு தேறிவிட்டாள் என்று சொன்னார்கள். அதன் பிறகு மறுபடியும் படுத்துவிட்டாள் என்று சொன்னார்கள். தை பிறந்ததும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று எதிரி சொல்லி அனுப்பினதால், அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் வெள்ளைப்பாறையில் விட்டார். அதற்கு முன் அந்தத் தோட்டத்துக்கு நான் போனதில்லை.

நான் போனபோது அக்காள் அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவின் உள்மூலையில் சாக்கின்மேல் படுத்திருந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். உள்ளங்கையைத் தொட்டால் தோல் தடித்து, அரிசிமணி ஒட்டினது போலச் சொரசொரப்பாக இருந்தது. உள்ளங்காலும் அப்படித்தான். கால் எரிகிறது என்று ஈரத்துணி கேட்பாள். முதுகிலும் கழுத்திலும் தோலின் நிறம், புழுதிமேல் நாலு மழைத்துளி விழுந்தது போல, இங்கும் அங்குமாக மாறியிருந்தது. சுவரைப் பிடித்துத்தான் நடப்பாள். அவள் பேசினால் வாயில் வெள்ளைப்பூண்டு வாசனை வந்தது. அந்தக் காம்பராவில் அப்போது பூண்டு இருக்கவில்லை. எதிரி வாங்கவில்லை என்றார்.

தினமும் விடியற்காலம், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்படிக்கும் முன், எதிரி தானே அடுப்பு மூட்டி, கருப்பட்டி போட்டுக் கோப்பித்தண்ணி காய்ச்சி அக்காளுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். அவள் குடித்து முடியும் வரைக்கும் பக்கத்தில் குந்தியிருப்பார். நான் காய்ச்சித் தருகிறேன் என்று சொன்னதற்கு, பழகிப்போய்விட்டது, இருக்கட்டும் என்றார். அடுத்த காம்பராவில் இருக்கும் கருப்பம்மா இதைப் பார்த்து என்னிடம், “பொம்பளைக்கு எந்திரிச்சுக் கோப்பி போட்டுக் குடுக்குற ஆம்பள இந்த லயத்துலயே இவுக ஒருத்தருதான்” என்று சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒருநாள் அக்காள் குடித்துவிட்டு வைத்த மிச்சக் கோப்பியைப் பூவாயி எடுத்து வாயில் வைக்கப் போனாள். கையைத் தூக்கவே முடியாத அக்காள் அந்தக் கோப்பையைத் தட்டிவிட்டாள். கோப்பை உருண்டு வாசல் திண்ணையான இஸ்தோப்பு வரைக்கும் போனது. பிள்ளை அழுதது. ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். பிள்ளைக்கு என் வியாதி ஒட்டிக்கொள்ளும் என்றாள். அதன் பிறகு சற்று நேரம் கழித்து, நீயும் இதைக் குடிக்காதே என்று என்னிடம் சொன்னாள். அதையும் வியாதிக்காகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அக்காளுக்கு விஷயம் தெரிந்திருந்ததா என்று மஜிஸ்திரேட் துரை கேட்கிறார். எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் எதிரி கொடுத்தபோது அவள் வழக்கம் போல வாங்கிக் குடித்தாள்.

அக்காளுக்கு நீளமான தலைமுடி, இடுப்புக்குக் கீழே வரும். நான் எண்ணெய் வைத்துச் சிக்கெடுக்கும்போது சீப்போடு கொத்தாக வந்தது. அதை அவள் பார்க்கக்கூடாது என்று சேலை முந்தியில் முடிந்து வைத்து, பிறகு வெளியே கொண்டுபோய்ப் போடுவேன். மிச்சமிருந்த முடியைத் தளரப் பின்னிவிடுவேன்.

காம்பராவில் அடுப்புக்கு மேலே அட்டாலையில், துணியால் வாய் கட்டிய ஒரு சிறு தகர டப்பா இருந்தது. உப்பு என்று நினைத்து நான் எடுத்தபோது எதிரி வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். தோலுக்குப் போடுகிற மருந்து, எலிக்காகக் கொண்டுவந்தேன் என்றார். அவரே தண்ணீர் ஊற்றி என் கையைக் கழுவிவிட்டார், நகத்துக்குள்ளும் கழுவச் சொன்னார். அதன் பிறகு அந்த டப்பாவை நான் அங்கே காணவில்லை.

மாசிக் கடைசியில் அக்காளுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் சேர்ந்து வந்தது. தண்ணீர் கேட்பாள், குடித்ததும் கக்கிவிடுவாள். கெண்டைக்கால் நரம்பு இழுத்துக்கொண்டது, நான் தேய்த்துவிட்டேன். எதிரி வேலைக்குப் போகாமல் கூடவே இருந்தார். அவரே நொய்க்கஞ்சி காய்ச்சினார். அவர் கொடுத்தபோது அக்காள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அதன் பிறகு எதிரி கோப்பையை என்னிடம் நீட்டி, “நான் குடுத்தா வேணாங்குறா, நீ குடு புள்ள” என்றார். நான் அக்காளின் தலையை மடியில் வைத்துக் கரண்டியால் கொடுத்தேன். அக்காள் குடித்தாள். “ஒங் கையால குடுத்தாத்தான் எறங்குது” என்று சொன்னாள். அன்றும் மறுநாளும் அவள் குடித்த கஞ்சி முழுவதும் நான் கொடுத்தது. எதிரி பொலிசில் சொல்லும்போது, கஞ்சி கொடுத்தது அங்கம்மாதான் என்று சொல்லியிருக்கிறார். அது உண்மை. அதை நான் எந்த இடத்திலும் மறுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம், லயத்து ஆட்கள் எல்லோரும் மலையில் இருக்கும்போது, அக்காள் என் மடியில் இறந்தாள். தோட்டத்தில் அப்போது இருந்த வைத்தியர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, வாந்திபேதியாக இருக்கலாம், உடம்பை வைத்திருக்கக்கூடாது என்றார். லயத்தில் எல்லோருக்கும் பயம். கழுவி எடுக்கக்கூட யாரும் உள்ளே வரவில்லை. நான் ஒருத்தியே கழுவி, பின்னலைத் திருத்திப் போட்டு, சேலை சுற்றினேன். அண்ணன் வந்து சேருமுன்னே, ஓடைக்கரைப் பக்கத்தில் குழி வெட்டி அடக்கம் செய்துவிட்டார்கள்.

அதன் பிறகு வைகாசியில் எதிரிக்கும் எனக்கும் கலியாணம் நடந்தது. அண்ணனும் பெரிய கங்காணியும் பேசி முடித்தார்கள். நான் சம்மதித்தேனா என்று கேட்கிறார்கள். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் வேண்டாமென்று சொல்லவில்லை. பூவாயி என்னை விட்டு ஒருவரிடமும் போகமாட்டாள். எதிரி என்னை நன்றாக வைத்திருந்தார். ஒரு சொல் கடிந்து சொன்னதில்லை. எனக்கும் விடியற்காலம் எழுந்து கோப்பித்தண்ணி காய்ச்சிக் கொடுத்தார். குடித்து முடியும் வரைக்கும் பக்கத்தில் குந்தியிருந்தார். நான் குடித்தேன். எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

ஆனால் அக்காள் படுத்த மூலையில் வெள்ளைப்பூண்டு வாசனை இருந்தது. சாணிபோட்டு மெழுகினேன். சாம்பிராணி காட்டினேன். வெயில் நாளில் இல்லாமல் போகும், மழை பெய்தால் வரும். கருப்பம்மாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன், தனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை என்றாள். அதன் பிறகு நான் சமையலில் பூண்டு போடுவதை நிறுத்திவிட்டேன். ஏன் போடுவதில்லை என்று எதிரி ஒருநாளும் கேட்கவில்லை. பூவாயியும் அந்த மூலையில் போய் உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பாள். யாரோடு பேசுகிறாய் என்று நான் கேட்டதில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

புரட்டாசியில் நான் கர்ப்பம் என்று தெரிந்தது. தோட்டத்துக்கு அப்போது ராமநாதன் என்ற புது வைத்தியர் வந்திருந்தார், யாழ்ப்பாணத்தவர். நான் அவரிடம் போய், என் அக்காளுக்கு இருந்த வியாதி என் வயிற்றுப் பிள்ளைக்கும் வருமா என்று கேட்டேன். என்ன வியாதி என்று கேட்டார். உள்ளங்கை தடித்ததையும், கால் எரிந்ததையும், தோல் நிறம் மாறினதையும், முடி கொட்டினதையும், வாயில் பூண்டு வாசனை வந்ததையும் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். எல்லாவற்றையும் திரும்பச் சொல்லச் சொன்னார். என் புருஷன் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். சொன்னேன். அதன் பிறகு, “பிள்ளை, இதை வீட்டிலை போய்க் கதையாதையும். நான் பெரிய டாக்குத்தரோடை ஒருக்கால் கதைக்கவேணும்” என்றார். பிள்ளைக்கு வருமா வராதா என்று அவர் சொல்லவில்லை. வராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் அதைக் கேட்கத்தான் போனேன்.

அதன் பிறகு ஐப்பசியில் ஒருநாள் பதுளையிலிருந்து பெரிய டாக்டரும் இன்ஸ்பெக்டரும் கான்ஸ்டபிள் ஸரூக் என்பவரும் வந்தார்கள். அக்காளைத் தோண்டி எடுக்க உத்தரவு இருக்கிறது என்றார்கள். அண்ணனையும் கூட்டி வந்திருந்தார்கள். குழியை நான்தான் காட்டினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. எதிரி தன் கம்பளியை எடுத்து என் தலையில் போட்டுவிட்டு, என் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றார்.

எட்டு மாதம் மண்ணுக்குள் இருந்த உடம்பு, இது இன்னார் என்று சொல்ல முடியுமா என்று இன்ஸ்பெக்டர் என்னிடம் முதலிலேயே கேட்டிருந்தார். சேலையைப் பார்த்துச் சொல்வேன் என்று சொல்லியிருந்தேன். ஆனால் மண்ணை விலக்கியபோது அக்காளின் முகம் தெரிந்தது. கறுத்து, கன்னம் ஒட்டியிருந்தது, ஆனாலும் அக்காளின் முகம்தான். நான் போட்ட பின்னல் தோளுக்குமேல் நான் போட்டபடியே கிடந்தது. வெட்டின ஆட்களில் இரண்டுபேர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கீழே விழுந்து கும்பிட்டார்கள். ஒருவர் சூடம் கொண்டுவரச் சொல்லிச் சத்தம் போட்டார். டாக்டர் அவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். களிமண்ணும் குளிரும் இப்படி வைத்திருக்கும், சில நஞ்சும் வைத்திருக்கும், எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்று அவர் சொன்னதாக இன்ஸ்பெக்டர் எங்களுக்குச் சொன்னார்.

அப்போது எதிரி குழிக்குள் எட்டிப் பார்த்து, “கெடாம இருக்கா” என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு மட்டும்தான் கேட்டது. கொட்டகையில் தொங்கும் தோலை விரலால் தட்டிப் பார்த்து அவர் சொல்கிற சொல் அது. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கம்பளியை எடுத்து அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அண்ணன் பக்கத்தில் போய் நின்றேன்.

அதன் பிறகு டாக்டர் தென்னோலை மறைப்புக்குள் வைத்து அக்காளின் வயிற்றிலிருந்தும் ஈரலிலிருந்தும் எடுத்து வெவ்வேறு கண்ணாடிச் சாடிகளில் போட்டார். நகத்தை வெட்டினார். பின்னலைத் தலையோடு ஒட்ட வெட்டி, வேர்ப்பக்கம் எது நுனிப்பக்கம் எது என்று தெரிய நூல்கட்டி எடுத்தார். குழிக்குள்ளிருந்தும் தூரத்திலிருந்தும் மண் எடுத்தார். மண் எதற்கு என்று அண்ணன் கேட்டதற்கு, மண்ணில் இருந்த நஞ்சு உடம்பில் ஏறிவிட்டது என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது, அதற்காக என்றார்கள். சாடிகளின் வாயை அரக்கால் மூடி முத்திரை வைத்து, ஒரு பெட்டியில் வைக்கோல் பரப்பி அடுக்கினார்கள்.

பெட்டியைக் கூலியாள் ஒருவன் தலையில் வைத்துக்கொண்டு பண்டாரவளை ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தான். கான்ஸ்டபிள் ஸரூக் கூடப் போனார். நானும் அண்ணனும் பின்னால் நடந்தோம். எங்களை யாரும் வரச் சொல்லவில்லை, திரும்பிப் போகவும் சொல்லவில்லை. முதல் தடவை அடக்கம் செய்தபோது அண்ணன் இல்லை, அதனால் இந்தத் தடவை பின்னால் நடப்பதாக அவர் சொன்னார். ஸ்டேஷனில் பெட்டியை ரயிலில் ஏற்றினார்கள். கொழும்பில் இரசாயனப் பரிசோதகர் இருக்கிறார், அவரிடம் போகிறது என்று கான்ஸ்டபிள் சொன்னார். நாங்கள் ரயில் போகும் வரைக்கும் நின்றோம்.

கார்த்திகையில் கொழும்பிலிருந்து பதில் வந்தது. அதன் பிறகு எதிரியைப் பிடித்தார்கள். எதிரி, கஞ்சி கொடுத்தது நான் என்று சொன்னதால், மறுநாள் என்னையும் பிடித்தார்கள். அக்காள் செத்து மூன்று மாதத்தில் அவள் புருஷனைக் கட்டிக்கொண்டவள் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். பதுளை மறியல் வீட்டில் என்னையும் அடைத்தார்கள். அங்கே டாக்டர் வந்து என் தலைமுடியிலும் கொஞ்சம் வெட்டி எடுத்தார். என் முடியில் நஞ்சு இல்லை என்று வந்தது. அப்படியானால் உனக்கு எதில் நஞ்சு இருக்கிறது என்று தெரிந்திருந்தது, அதனால்தான் நீ தொடவில்லை என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். எனக்கும் எதிரி கோப்பி கொடுத்தார், நான் குடித்தேன், எனக்கு மட்டும் அவர் நல்ல கோப்பி கொடுத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

போன மாதம் இந்தக் கோர்ட்டில் எதிரியும் நானும் ஒரே கூண்டில் நின்றபோது, கொழும்பிலிருந்து பரிசோதகர் வந்து சாட்சி சொன்னார். அவர் இங்கிலீஷில் சொன்னதை முதலியார் எங்களுக்குத் தமிழில் சொன்னார். பரிசோதகர் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயைக் காட்டினார். அதன் உள்ளே ஓரிடத்தில், முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கறுப்புப் பூசினது போல, நகத்தளவு படிந்திருந்தது. பெரியாயியின் ஈரலில் இருந்ததைத் திராவகத்தில் கரைத்து, ஆவியாக்கி, குழாயைச் சூடுகாட்டினபோது படிந்தது இது, பாஷாணம் இருந்தால்தான் இப்படிப் படியும் என்றார். குழி மண்ணில் அது இல்லை என்றார். அந்தக் குழாயை ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். எங்களுக்கும் காட்டினார்கள். என் அக்காளிடமிருந்து எடுத்தது என்று ஒரு பொருளை நான் கண்ணாடிக்குள் பார்த்தேன். எதிரி அதைக் கூர்ந்து பார்த்தார்.

அதன் பிறகு பரிசோதகர் தலைமுடியைப் பற்றிச் சொன்னார். உடம்புக்குள் போகிற பாஷாணம் வளர்கிற முடியிலும் ஏறும், முடி மாதத்துக்கு அரை அங்குலம் அளவில் வளரும், ஆகையால் முடியைப் பார்த்தால் எப்போது தொடங்கிக் கொடுத்தார்கள் என்று சொல்லலாம் என்றார். பெரியாயியின் பின்னலை நன்றாக அலசிக் கழுவி, வேரிலிருந்து துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சோதித்தேன் என்றார். வேரிலிருந்து நாலு விரற்கடை நீளம் வரைக்கும் நஞ்சு இருக்கிறது, அதற்கு அப்பால் நுனி வரைக்கும் இல்லை என்றார். அப்படியானால் சாவதற்கு ஆறேழு மாதம் முன்னிருந்தே கொடுபட்டிருக்கிறது என்று சொன்னார். மஜிஸ்திரேட் துரை, அங்கம்மா தோட்டத்துக்கு வந்தது எப்போது என்று பெரிய கங்காணியைக் கேட்டார். தை மாதம் என்று அவர் சொன்னார். அண்ணனும் அதையே சொன்னார்.

நான் கூண்டுக்குள் நின்று மாதத்தைப் பின்னால் எண்ணிப் பார்த்தேன். ஆடியில் போய் நின்றது. நான் சோறு போட்ட பூசை அந்த ஆடியில் வந்தது.

அப்போது எதிரி கையெடுத்துக் கும்பிட்டு, “அவளுக்கு ஒன்னும் தெரியாதுங்க. அவள விட்டுருங்க” என்றார். நீ சொல்வது எழுதப்படும், யோசித்துச் சொல் என்று மஜிஸ்திரேட் துரை எச்சரித்தார். எதிரி திரும்பவும் அதையே சொன்னார். அவளுக்குத் தெரியாது என்றால் யாருக்குத் தெரியும் என்று துரை கேட்டார். எதிரி தலையைக் குனிந்துகொண்டார். அதன் பிறகு என்னை விடுவித்தார்கள்.

விடுவித்த அன்று, கொழும்புக்குக் கொண்டுபோன என் அக்காளுடைய மிச்சம் எப்போது திரும்பி வரும் என்று கான்ஸ்டபிள் ஸரூக்கிடம் கேட்டேன். அவர் உள்ளே போய் விசாரித்து வந்து, கொஞ்சம் சோதனையில் செலவாகிவிட்டது, மீதி வழக்கு முடியும் வரைக்கும் சாட்சிப் பொருள் என்று சொன்னார். அவர் அதைத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

இப்போது நானும் பூவாயியும் அதே காம்பராவில் இருக்கிறோம். வேறு இடம் இல்லை. அண்ணன் வரச் சொல்கிறார், பிரசவம் முடிந்ததும் போகலாம் என்றிருக்கிறேன். லயத்து ஆட்கள் என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. கருப்பம்மா மட்டும் வருகிறாள். எதிரிமேல் எனக்குக் கோபமா என்று முதலியார் கேட்டார். அவர் கொடுத்த கஞ்சியை நான் கொடுத்தேன். கோபம் என்று ஒன்றைத் தனியாக எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை நடந்ததையும் சொல்லவேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்வதால் சொல்கிறேன். நான் கோர்ட்டு இஸ்தோப்பில் கூப்பிடும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். எதிரியை விலங்கோடு கூட்டி வந்தார்கள். எனக்கு நேரே வந்ததும் அவர் நின்று, என் வயிற்றைப் பார்த்து, அதன் பிறகு என் முகத்தைப் பார்த்து, “சாப்பிட்டியா புள்ள?” என்று கேட்டார். வேலை விட்டு வந்து கேட்கிற அதே குரல்தான். கான்ஸ்டபிள் தடுக்கவில்லை, தடுக்கும்படியான பேச்சும் அதில் இல்லை. என் தலை தானாக ஆடியது, சாப்பிட்டேன் என்று. அவர் சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் இன்று ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

இதுவரை சொன்னது என் கண் கண்டதும், காது கேட்டதும், என் கை செய்ததும். யாருக்கும் பயந்து குறைக்கவில்லை, யார் சொல்லியும் கூட்டவில்லை. முதலியார் முழுவதையும் வாசித்துக் காட்டக் கேட்டேன், எல்லாம் நான் சொன்னபடி இருக்கிறது. கையெழுத்து வைக்கத் தெரியாததால் இடது பெருவிரல் ரேகை பதிக்கிறேன்.

அங்கம்மா
(இடது பெருவிரல் ரேகை)